முக்திநாத் யாத்திரைக்குப் பயண ஆலோசகர் எதற்கு?

வைணவக் குடும்பங்களில் திவ்ய தேசக் கணக்கு, அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களைச் சேவித்த கணக்கு ஒன்று ஆயுள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். 108இல் பூமியில் இருப்பவை 106. சோழ நாடு, பாண்டிய நாடு, தொண்டை நாடு எல்லாம் கார் வைத்துக்கொண்டு விடுமுறைகளில் பார்த்துவிடக்கூடியவை. வடநாட்டுப் பட்டியல் வந்ததும் கணக்கு நின்றுவிடும். அதிலும் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று பெரியவர்கள் சேவிக்கும் முக்திநாத், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் 3,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 69 வயது, முழங்கால் தேய்மானம். அப்பாவுக்கு 74, இதயத்தில் ஸ்டென்ட். இருவருக்கும் முக்திநாத்தைச் சேவித்தே ஆக வேண்டும்.

நான் சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். ரயில், விமானம், ஓட்டல் எல்லாவற்றையும் கைபேசியில் நானே பதிவு செய்கிறவள், இன்றும் அப்படித்தான். இந்தப் பயணத்தை மட்டும் ஒரு பயண ஆலோசகரிடம் கொடுத்தோம். அதற்கு முன் அம்மாவும் அப்பாவும் ஒரு குழுச் சுற்றுலாவில் காசி, கயா போய் வந்திருந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, ‘இருபது நிமிடம்தான், சீக்கிரம் வாருங்கள்’ என்று ஒவ்வொரு கோயில் வாசலிலும் விரட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த அம்மா ஒரு வாரம் காலை மடக்க முடியாமல் கிடந்தாள். அதனால் குழு வேண்டாம் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

நாங்கள் போய்ப் பார்த்த பெண்மணிக்குத் திருச்சியில் சின்ன அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், சுவரில் இமயமலை வரைபடம். வடநாட்டு யாத்திரைகளும் நேபாளமும்தான் அவருக்குப் பெரும்பாலான வேலை. முக்திநாத்துக்குத் தானே பலமுறை போய் வந்தவர். போனதும் தேதி கேட்பார், பட்ஜெட் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்பாவைத்தான் கேட்டார்.

“சார், மாத்திரைச் சீட்டு கொண்டு வந்திருக்கிறீர்களா?”

அப்பா விழித்தார். அடுத்து அம்மாவிடம், “மாமி, வீட்டில் மாடிப்படி ஏறுகிறீர்களா? ஜீப்பில் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும்?” என்று வரிசையாகக் கேட்டார். அம்மா உற்சாகமாகப் பதில் சொன்னாள். இத்தனை அக்கறையாக டாக்டர்கூட விசாரித்ததில்லை என்று வரும் வழியில் சொன்னாள். இதய மருத்துவரைப் பார்த்து, இவ்வளவு உயரத்துக்குப் போகிறோம் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தால்தான் மேலே பேசுவேன் என்று அனுப்பிவிட்டார். முன்பணம் வாங்காமல் ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறவரை நம்பலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

இரண்டாவது சந்திப்பில் அம்மாவுக்கும் அவருக்கும் சின்ன உரசல். போகிற போக்கில் அயோத்தி, நைமிசாரண்யம் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். இரண்டும் திவ்ய தேசம், இரண்டும் உத்தரப் பிரதேசம், கோரக்பூர் வழியாகப் போனால் கைக்கு எட்டும் தூரம். பல நிறுவனங்கள் அப்படித்தான் பொட்டலம் கட்டி விற்கின்றன. இவர் மறுத்துவிட்டார்.

“மாமி, அதையும் சேர்த்தால் எனக்கு லாபம் கூடத்தான் செய்யும். ஆனால் சுனௌலியில் நேபாள எல்லையைத் தாண்டி, மலைப்பாதையில் பொக்ரா நகரத்துக்குப் போய்ச் சேரும்போதே உங்கள் முழங்கால் போய்விடும். முக்திநாத் படியில் நீங்கள் ஏற வேண்டாமா? அயோத்தியை அடுத்த வருஷம் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.”

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். கைபேசிச் செயலிகள் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நாம் எதைத் தட்டினாலும் கூடையில் போட்டுக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இவருக்குக் கூலி கொடுத்தோம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு ஆவணங்கள். நேபாளம் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும், பொதுவாக ஆதார் மட்டும் போதாது என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. அப்பாவின் வாக்காளர் அட்டையில் இனிஷியலோடு பெயர். கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் மூன்றாவது வடிவம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. ஆலோசகர் கடவுச்சீட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, விமான டிக்கெட், காப்பீடு, அனுமதிச் சீட்டு எல்லாவற்றிலும் அதில் உள்ள எழுத்துகளையே ஒன்றுவிடாமல் போட்டார்.

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன் தானும் வருவதாகச் சொன்னான். அவன் அமெரிக்கக் குடிமகன். அந்த ஒரு செய்தியில் எத்தனை மாறுகிறது என்று அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவனுக்குக் காத்மாண்டு விமான நிலையத்தில் விசா வாங்க வேண்டும். 15 நாள் விசாவுக்கு 30 டாலர். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு எங்களுக்கு 1,000 நேபாள ரூபாய், அவனுக்கு 3,000. உள்நாட்டு விமானக் கட்டணமும் நேபாளிகளுக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டவருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நேபாளத்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்ப அவன் கையில் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை, இருந்தாக வேண்டும். ஒருமுறை மட்டுமே நுழையும் விசாவில் வந்திருந்தால் காத்மாண்டுவிலேயே மாட்டிக்கொண்டிருப்பான். பையன் அட்டையை அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து சென்னை வீட்டு அலமாரியில் வைத்திருந்தான். ‘அது எதற்கு அத்தை, பாஸ்போர்ட் போதாதா?’ என்று கேட்டான்.

காப்பீட்டிலும் ஒரு பிடிவாதம். அப்பாவின் ஸ்டென்ட்டைச் சொன்னால் பிரீமியம் ஏறும், சொல்லாமல் விட்டால் என்ன என்று அப்பாவே கேட்டார். சொல்லாமல் விட்ட நோய்க்குக் கோரிக்கை வந்தால் நிறுவனம் கைவிரித்துவிடும் என்று சொல்லி எல்லாவற்றையும் எழுத வைத்தார் ஆலோசகர். பாலிசியில் உயர வரம்பு உண்டா, ஹெலிகாப்டரில் இறக்கிக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்று அந்தப் பொடி எழுத்தை எங்கள் எதிரிலேயே படித்தார். மலைப்பயணம் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். விற்கிறவர்கள் தாங்களாகச் சொல்வதில்லை.

ஜோம்சோம் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொக்ரா சுமார் 800 மீட்டர் உயரம். அங்கிருந்து சின்ன விமானத்தில் ஏறினால் இருபது நிமிடத்தில் 2,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜோம்சோம். அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத். அந்த விமானம் பறக்கிற பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, மறுபக்கம் 8,167 மீட்டர் தவுளகிரி, நடுவில் காளி கண்டகி ஆறு. வெயில் ஏறியதும் வடக்கே திபெத்தியப் பீடபூமி சூடாகி, காற்று மேலெழும்பி, தெற்கிலிருந்து காற்றை அந்தக் குறுகிய பள்ளத்தாக்கு வழியாக உறிஞ்சி இழுக்கிறது. முற்பகல் தாண்டினால் ஜோம்சோமில் நிற்கவே முடியாத காற்று. அதனால் விமானங்கள் காலை வேளையில் மட்டும்தான். காலையில் மேகம் இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டும். மேகம் விலகுவதற்குள் காற்று எழுந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இணையத்தில் விற்கிற ‘நான்கு இரவு, ஐந்து பகல்’ திட்டங்கள் அந்த விமானம் சொன்ன நேரத்துக்குப் பறக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டியவை. எங்கள் ஆலோசகர் அது பறக்காது என்று வைத்துக்கொண்டு திட்டம் போட்டார். பொக்ராவில் சும்மா இருக்க நாள் விட்டிருந்தார். “என்ன, இந்த நாளில் எதுவுமே எழுதவில்லையே?” என்று அப்பா கேட்டபோது, “அது முக்திநாராயணனுக்கு விட்டது சார்” என்றார். பொக்ராவில் ஒரு பயண முகவரிடம் ஜீப்புக்கும் பேசி வைத்திருந்தார்: விமானம் பறந்துவிட்டால் முன்பணம் மட்டும் போகும், பறக்காவிட்டால் பேசிய வாடகைக்கே வண்டி வர வேண்டும். திரும்பும் சர்வதேச விமானத்துக்கும் மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் நடுவில் போதிய இடைவெளி இருந்தது. டில்லியில் மாறும் விமானங்கள் ஒரே பி.என்.ஆரில் இருந்தன, ஒன்று தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம், பொறுப்பு நம்முடையது.

கிளம்புவதற்கு முன் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து, லேமினேட் செய்த ஒரு தாளை அப்பாவிடம் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் எங்கே தங்கல், எந்த ஓட்டுநர், யார் தொலைபேசி எண், காலை மாத்திரை, இரவு மாத்திரை. நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும் என்பதால் நேரங்கள் இரண்டு கணக்கிலும் இருந்தன. அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பும்வரை யாரிடமும் தரவில்லை.

பொக்ரா விமான நிலையத்தில் நடந்தது அவர் எதிர்பார்த்ததுதான். விடியுமுன் போய் உட்கார்ந்தோம். முதலில் ஒரு மணி நேரத் தாமதம், பிறகு இன்னொரு மணி, பிறகு ரத்து. கவுன்டரை மொய்த்துக்கொண்டு நூறு பேர், அவர்களில் தமிழ்க் குரல்கள் நிறைய. பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று எல்லாவற்றையும் ஒரு செயலியில் பதிவு செய்திருந்தது. அந்த வீட்டுப் பையன் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, பாட்டு கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் மாலை காத்மாண்டுவிலிருந்து அவர்களுக்குத் திரும்பும் விமானம். வெளியே ஜீப் வாடகை அதற்குள் எகிறிவிட்டிருந்தது. வாடகை கொடுத்தாலும் போய்த் திரும்ப நாள் இல்லை. அந்தப் பாட்டி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்காகவும் சேவித்துவிட்டு வாங்கோ” என்றாள்.

நான் ஆலோசகரை அழைத்தபோது அவருக்குச் செய்தி ஏற்கெனவே போயிருந்தது. ஜீப் வாசலில் நின்றது. அங்கிருந்து ஜோம்சோம் 150 கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை, எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். “ஒரே மூச்சில் போகாதீர்கள். தாதோபானியில் தங்கிவிடுங்கள், நாளைக்கு ஜோம்சோம், அதற்கு அடுத்த நாள் காலை தரிசனம். ஜீப்பில் மெதுவாக ஏறுவது சாரின் உடம்புக்கு விமானத்தைவிட நல்லதுதான்” என்றார். உண்மை. 800 மீட்டரிலிருந்து இருபது நிமிடத்தில் தூக்கிப் போடாமல், சுமார் 1,200 மீட்டரில் ஓர் இரவு, 2,700இல் ஓர் இரவு என்று உடம்பு பழகிக்கொண்டே ஏறியது. முக்திநாத்தை ஒட்டிய ராணிபௌவாவிலும் அறைகள் உண்டு. ஆனால் அந்த உயரத்தில் இவர்களைத் தூங்க வைக்கக்கூடாது, தரிசனம் ஆனதும் இறங்கிவிட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். உயரத்தில் சுற்றுவதைவிட உயரத்தில் உறங்குவதுதான் ஆபத்து என்று இதய மருத்துவரும் சொல்லியிருந்தார்.

பாதை மோசம்தான். பேனி தாண்டியதும் தார் இருக்கும் இடமும் இல்லாத இடமும் மாறி மாறி வந்தன. அம்மா விஷ்ணு சகஸ்ரநாமத்தை இரண்டு சுற்று முடித்தாள். மார்பாவில் வண்டியை நிறுத்தி ஆப்பிள் வாங்கித் தின்றோம். ஜோம்சோமில் ஆலோசகர் போட்ட ஓட்டல் மட்டம். வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. சாப்பாட்டு விஷயத்திலும் அவர் தேறவில்லை. வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். கிடைத்தது சாதமும் உருளைக்கிழங்கும். அம்மா கட்டி வந்த புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் காப்பாற்றின. திரும்பி வந்து சொன்னபோது குறித்துக்கொண்டார்.

முக்திநாத் கோயில் சின்னது, பகோடா பாணி. பின்னால் அரைவட்டச் சுவரில் 108 கோமுகங்களிலிருந்து பனி உருகிய நீர் கொட்டுகிறது. முன்னால் இரண்டு குளங்கள். பௌத்தர்களுக்கும் புனிதத் தலம் அது. ராணிபௌவாவிலிருந்து மேலே அப்பா குதிரையில் போனார். ‘நூற்றெட்டிலும் நனைவது இளசுகளுக்கு, சார் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்’ என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. அப்பா கீழ்ப்படிந்தார். அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. அண்ணன் மகன் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு கோமுகத்துக்கும் தலையை நீட்டி நீட்டி நூற்றெட்டையும் முடித்துவிட்டு, உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிப்போய், சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். சால்வை இரண்டைச் சுற்றினோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியில் இருவர் எண்ணும் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேலேயே இருந்தது.

இறங்கும்போது ஜோம்சோம் விமானம் பறந்தது. இரண்டு நாள் ஏறிய மலையை இருபது நிமிடத்தில் கடந்தோம். ரத்தான விமானத்தின் பணத்தை அவர் பின்தொடர்ந்து வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்; நான் ஒரு மின்னஞ்சல்கூட எழுதவில்லை.

இனி பணம். பயண முகவர்கள் எதில் சம்பாதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. விமான நிறுவனங்கள் முன்பு தந்துகொண்டிருந்த கமிஷன் பெரும்பாலும் போய்விட்டது. ஓட்டல்களும் உள்ளூர் வண்டிக்காரர்களும் தருவது உண்டு. அதற்கு மேல் சேவைக் கட்டணம். எங்களிடம் அவர் கட்டணத்தைத் தனி வரியாகவே எழுதிக் காட்டினார். நானே எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தால் மொத்தத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தப் பணம் ஜீப் முன்பணத்துக்கும் சும்மா விட்ட நாளுக்கும் போனதாக வைத்துக்கொண்டேன். ‘சேவைக் கட்டணமே கிடையாது, எல்லாம் இலவசம்’ என்று சொல்லும் முகவரிடம்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும்; அவர் எந்த ஓட்டலை எதற்காகப் பரிந்துரைக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இவற்றை. எதெல்லாம் விலையில் அடங்காது என்று எழுத்தில் தருகிறாரா. கிளம்ப எத்தனை நாள் இருக்கும்போது ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணை உண்டா. நள்ளிரவில் யாரை அழைப்பது. பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போய் ஜி.எஸ்.டி. ரசீது வருகிறதா, அல்லது யாரோ ஒருவரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்களா. ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்கள் சங்கத்தின் அங்கீகாரமோ, 1951இல் தொடங்கிய இந்தியப் பயண முகவர்கள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணோ இருந்தால் நல்லது. திறமைக்கு அது சான்றாகாது, முறையிட ஓர் இடமாவது இருக்கும். அந்த ஊருக்கு அவர் தானே போயிருக்கிறாரா என்று கேளுங்கள். போயிருப்பவர் கழிப்பறையைப் பற்றிப் பேசுவார். போகாதவர் இயற்கை அழகைப் பற்றிப் பேசுவார்.

பெங்களூருக்கோ மூணாறுக்கோ போக நான் யாரிடமும் போவதில்லை. நேரடி விமானம், ஒரே ஓட்டல், உடம்பில் வலு இருக்கிறவர்கள் என்றால் கைபேசியே போதும். வயதானவர்கள், உயரமான இடம், பல நாட்டு ஆவணங்கள், ஒன்று தவறினால் அடுத்ததும் தவறும் பயணம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் ஆலோசகரிடம் போகிறேன்.

பலர் கேட்காமல் விடும் இன்னொரு விஷயம்: இந்தியாவுக்கு வெளியே போகும் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்று வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பார்கள், நேபாளத்துக்கும் உண்டு. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, கட்டும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அது யாருடைய பான் எண்ணில் போகிறதோ அவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். அப்பா பெயரில் கட்டியது அப்படித்தான் திரும்பி வந்தது. அதை அயோத்திக்கு எடுத்து வைத்திருப்பதாக அம்மா சொல்கிறாள்.